எச்சரிக்கை: கரண்ட் போனால் கூடம் நிறையும் ரீஃப் டேங்க்

ரீஃப் டேங்க் என்றால் உப்பு நீரில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. சென்னையில் ஒரு மாடி வீட்டில் ‘பவளத் தொட்டி முழுசா செட் பண்ணித் தர்றோம்’ என்று ஒப்புக்கொண்டவர்கள் விட்டுப்போன வேலை இது. மேல்தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கீழே கேபினெட்டுக்குள் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் சம்ப். (வீட்டுத் தரைக்கடியில் இருக்கும் சம்ப் இல்லை. நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரும், தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரும் நிற்கும் கண்ணாடித் தொட்டி.) முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். உப்பு கலந்து, ஓடவிட்டுக் காட்டினார்கள். ஓடும்போது குறை தெரியவில்லை. முதல் பவர் கட்டில் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். கேட்டதற்கு வந்த பதில்: “என்.ஆர்.வி. போட்டிருக்கோம் சார், அதுல ஏதோ அடைச்சிருக்கும்.”

என்.ஆர்.வி. என்பது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும், திரும்ப விடாத மடல் வால்வு. அந்தப் பதிலிலேயே கோளாறு இருக்கிறது. என்.ஆர்.வி. வேலை செய்தால்தான் தரை நனையாது என்ற நிலையில் எந்தக் கடல் தொட்டியையும் அமைக்கக் கூடாது. உள்ளே சுண்ணாம்புப் பாசி படியும், குழாய்ப் புழு கூடு கட்டும், குட்டி நத்தை மாட்டும். மடல் ஒரு நூல் அளவு திறந்து நின்றாலும் தண்ணீர் பின்னோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 48க்கு 24 அங்குலத் தொட்டியில் ஒரு அங்குல உயரத் தண்ணீர் ஏறக்குறைய 19 லிட்டர். சம்பிலிருந்து மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாயை மேல்தொட்டி நீர்மட்டத்துக்கு 8 அங்குலம் கீழே வைத்திருந்தார்கள். மோட்டார் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, வாய்க்குக் காற்று கிடைக்கும்வரை தண்ணீரைக் கீழே இழுக்கும். 8 அங்குலம் என்றால் 151 லிட்டர். சம்பின் உயரம் 18 அங்குலம், ஓடும்போது மட்டம் 10. மீதி இருக்கும் 8 அங்குலத்தில் அடங்குவது 85 லிட்டர்தான். பாக்கி 66 லிட்டர் எங்கே போகும்? இந்தப் பெருக்கல் கண்ணாடியில் துளை போடுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

ரிட்டர்ன் வாய் நீர்மட்டத்துக்கு ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பின்னால் இறங்குவது சுமார் 19 லிட்டர், அதோடு ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு (மேல்தொட்டி நீர் வழிந்து வடிகாலுக்குப் போகும் விளிம்பு) மேல் நிற்கும் கொஞ்சம். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. காற்றுத் துளை போடலாம், ஆனால் அது உபரிக் காப்பு மட்டுமே. பாசி அதையும் அடைக்கும், வாராவாரம் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும்.

அடுத்தது இறங்கும் வழி. மேல்தொட்டியிலிருந்து சம்புக்கு ஒரே ஒரு டிரெய்ன் (வடிகால் குழாய்), அதுவும் ஒரு அங்குலம். மணிக்கு 4,000 லிட்டர் என்று அட்டையில் போட்ட மோட்டார். காற்றும் நீரும் கலந்து இறங்கும் ஒற்றைக் குழாய் அந்த வேகத்துக்குக் கொப்பளித்து இரைச்சல் போடத்தான் செய்யும். இரைச்சலை அடக்க அந்தக் குழாயிலேயே ஒரு பால் வால்வு வைத்துப் பாதி மூடிவிட்டார்கள். இருக்கிற ஒரே வடிகாலை நெரித்து வைப்பது, செய்யக் கூடாதவற்றில் முதலாவது. ஒரு நத்தை உள்ளே விழுந்தால் போதும், மேல்தொட்டி நிரம்பி வழியும்.

குறைந்தது இரண்டு டிரெய்ன் கேளுங்கள். ‘ஹெர்பி’ முறையில் ஒன்று காற்றில்லாமல் முழுச் சைஃபனாக ஓடும், ஓட்டத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க அதில் கேட் வால்வு. இன்னொன்று அவசரக் குழாய். அதன் வாய் வழக்கமான மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே இருக்கும், அதில் வால்வே இருக்கக் கூடாது, மொத்த ஓட்டத்தையும் அது ஒன்றே தாங்க வேண்டும். ‘பீன்அனிமல்’ முறையில் இவற்றோடு மூன்றாவதாக ஒன்று சிறு ஓட்டத்தை வாங்கிக்கொண்டு மட்டத்தைச் சமன் செய்யும். இடம் இருந்தால் இதுதான் நல்லது, கரண்ட் வந்து போகும்போது தானே சரிக்கட்டிக்கொள்ளும். சைஃபன் குழாயின் முனை சம்பு நீரில் ஒரு அங்குலம்தான் மூழ்க வேண்டும். அதிகம் மூழ்கினால் மறுபடி ஓடும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறாமல் சைஃபன் பிடிக்காது. அவசரக் குழாயின் முனை சம்பு நீருக்கு மேலேயே நிற்கட்டும், தண்ணீர் விழும் சத்தம்தான் எச்சரிக்கை மணி.

கேட் வால்வு என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் பெரும்பாலும் பித்தளையைத்தான் எடுத்து வைப்பார்கள். இந்த வேலையில் என்.ஆர்.வி.யும் பித்தளை. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. உப்பு நீரில் கரையும் செம்பு இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும். உப்பு நீர் தொடும் இடத்தில் பி.வி.சி. தவிர வேறு வால்வு வேண்டாம். கிடைக்கத் தாமதமானால் காத்திருங்கள்.

கசிவுக்குக் காரணம் தேடிக் குழாயைக் கழற்றியபோது தெரிந்தது அளவுக் குளறுபடி. வெளிநாட்டிலிருந்து வரும் மீன் தொட்டி டேங்க் நிப்பிள்கள் (கண்ணாடித் துளையில் குழாயை மாட்டும் இணைப்புகள்) பெரும்பாலும் 25, 32, 50 மி.மீ. கணக்கு. வீட்டுக்குப் போடும் வெள்ளை யு.பி.வி.சி. அங்குலக் கணக்கு, ஒரு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. 32 மி.மீ. வாய்க்குள் அது போகாது. வாயைச் சூடுகாட்டி விரித்துத் திணித்து, மேலே எம்-சீல் பூசியிருந்தார்கள். ஒன்றரை அங்குலக் குழாய் 48.3 மி.மீ., 50 மி.மீ. வாய்க்குள் ஆடும். மி.மீ. நிப்பிளுக்குச் சாம்பல் நிற பி.வி.சி. குழாய்தான் பொருந்தும், அது மி.மீ. அளவிலேயே வருகிறது. வாங்கும்போது ஒரு துண்டு குழாயைச் செருகிப் பாருங்கள்.

நிப்பிளின் ரப்பர் வாஷர் தலைப்பக்கம்தான் இருக்க வேண்டும், நட்டுப் பக்கம் அல்ல. கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று போதும், அதற்கு மேல் முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். டஃபன் செய்த (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியில் துளை போடவே முடியாது, நொறுங்கிவிடும்.

கடைசித் தவணையை இந்தச் சோதனைகள் முடியும்வரை கொடுக்காதீர்கள். எல்லாம் நல்ல தண்ணீரில், உப்பு கலக்கும் முன்பே. ஒட்டிய இணைப்புகள் ஒரு நாள் காயட்டும்.

முதலில் சம்பை ஓடும் மட்டத்துக்கு நிரப்பி, மெயின் சுவிட்சை அணையுங்கள். இறங்குவது நின்றதும் சம்பின் விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலமாவது காலியாக இருக்க வேண்டும். மறுபடி ஓடவிட்டு, மட்டம் நிலைத்ததும் அங்கே மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதைக் குறைந்தது ஐந்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் சைஃபன் தானாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து சைஃபன் வால்வை முழுதாக மூடி, அவசரக் குழாய் மட்டும் பத்து நிமிடம் தாங்குகிறதா பாருங்கள். பிறகு எல்லா டிரெய்னையும் துணியால் அடைத்து மோட்டாரை ஓடவிடுங்கள். சம்பில் மோட்டார் நிற்கும் அறை 8 அங்குல நீளம், 18 அங்குல அகலம், மோட்டார் வாய்க்கு மேல் 8 அங்குலத் தண்ணீர் என்றால் மேலே ஏறப்போவது 19 லிட்டர், மேல்தொட்டியில் சரியாக ஒரு அங்குலம். விளிம்பில் அதற்கு மேல் இடம் விட்டிருந்தால் வழியாது. ஆவியான தண்ணீரை நிரப்பும் கருவியை ஆர்.ஓ. குழாயில் நேரடியாக மாட்டித் தந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். அறையில் மட்டம் குறையக் குறைய அது விடாமல் ஊற்றும். தனிக் கேன் வைக்கச் சொல்லுங்கள், அதிகபட்சம் கேனில் உள்ளதுதான் வரும்.

ஏற்கெனவே பித்தளை மாட்டி ஓடிவிட்டதென்றால், வால்வைக் கழற்றினால் மட்டும் போதாது. கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துப் பிறகு விடும். செம்பு டெஸ்ட் கிட்டில் அளந்து, தண்ணீர் மாற்றி, செம்பை உறிஞ்சும் ரெசின் பையைச் சம்பில் போட்டு, சில வாரம் விட்டு மறுபடி அளந்த பிறகே முதல் பவளத்தை இறக்குங்கள்.