வாய் வைக்காமல் ஊதும் பை

எனக்கு வீசிங் உண்டு. அதனால் டென்ட் போட்டுத் தங்கப் போனால் காற்று மெத்தை ஊதுவது எப்போதும் தம்பியின் வேலை. போன வருஷம் அவனுக்குச் சளி. நானே ஊத உட்கார்ந்தேன். பதினைந்தாவது மூச்சில் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. மெத்தை மட்டும் பொரிக்காத அப்பளம் மாதிரி அப்படியே கிடந்தது.

பிறகுதான் கணக்குப் போட்டேன். ஆறடி நீள மெத்தை கிட்டத்தட்ட 50 லிட்டர் காற்று பிடிக்கும். தம் கட்டி ஊதினாலும் ஒரு மூச்சு இரண்டு மூன்று லிட்டர்தான். ஊர் திரும்பியதும் ஆன்லைனில் ஊதும் பை ஒன்று வாங்கினேன். 900 ரூபாய். எக்ஸ்பெட், தெர்மரெஸ்ட் மாதிரி கம்பெனிகள் சில மெத்தைகளோடு இதையும் சேர்த்தே தருகின்றன. என்னுடையது பேர் தெரியாத மலிவு ரகம்.

பார்க்க நைலான் தலையணை உறை போல இருக்கும். ஒரு பக்கம் அகலத் திறந்த வாய், மறு பக்கம் மெத்தை வால்வில் மாட்டும் மூக்கு. டிசம்பரில் கொழுக்குமலைக்கு எடுத்துப் போனோம். முதல் முயற்சியில் பையின் வாயைச் சுருக்கிப் பிடித்து, அதில் உதட்டை ஒட்டி ஊதினேன். அதே பழைய கதைதான். தம்பி மகள்தான் சொன்னாள்: "அத்தை, பலூன் மாதிரி ஊதாதீங்க. டீயை ஆறவைக்கிற மாதிரி தள்ளி நின்னு ஊதுங்க."

பை வாயை அகல விரித்து, ஒரு சாண் தள்ளி, ஒரே ஊது. பை பொம்மென்று நிறைந்துவிட்டது! வேகமாகப் போகும் மூச்சு, சுற்றி இருக்கும் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. நாம் கொடுப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மலைக்காற்று. உடனே வாயைச் சுருட்டி, மருதாணி கோனைப் பிதுக்குவது போல மேலிருந்து அழுத்திக்கொண்டே வர வேண்டும். மூன்று பை, மெத்தை எழுந்துவிட்டது. அங்கே அடிக்கிற காற்றுக்கு, இரண்டாவது மெத்தைக்கு ஊதவே இல்லை. பையைக் காற்றுக்கு எதிரே காட்டினால் போதும்.

இன்னொரு லாபம் ராத்திரியில் தெரிந்தது. முன்பெல்லாம் நடுச்சாமத்தில் மெத்தை தொய்ந்து, பஞ்சர் என்று டார்ச் அடித்துத் தேடியிருக்கிறேன். பஞ்சரும் இல்லை, ஒன்றும் இல்லை. சூடான மூச்சுக்காற்று குளிரில் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பையில் பிடிப்பது ஏற்கெனவே குளிர்ந்த காற்று என்பதால் அந்த அளவுக்குத் தொய்வதில்லை. மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூசணம் பிடிக்கிற பயமும் குறைவு.

குறையும் உண்டு. பையின் மூக்கு எங்கள் இரண்டு மெத்தைகளில் ஒன்றுக்குத்தான் பொருந்தியது. மற்றதற்கு ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினோம். டென்ட்டுக்குள் பையை விரிக்க இடம் போதாது, வெளியே ஊதித்தான் உள்ளே நுழைக்க வேண்டும். மெத்தை கல் மாதிரி இருக்க வேண்டும் என்றால் கடைசியில் இரண்டு மூச்சு வாயால் ஊதித்தான் ஆக வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவர்கள் 900 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை என்பேன். பெரிய கறுப்புக் குப்பைப் பையின் மூலையை வெட்டி, வால்வில் ரப்பர் பேண்டால் கட்டினாலும் இதே வித்தை நடக்கும். தம்பி செய்து காட்டினான். இரண்டு தடவை ஜோராக வேலை செய்தது, மூன்றாவது தடவை ஒரு தேயிலைக் குச்சி கிழித்துவிட்டது.

ராத்திரி பையில் பாதி காற்று விட்டு, சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டேன். உயரம் கச்சிதம், ஆனால் நைலான் வழுக்கி விடிய விடிய கழுத்து கீழேதான். அடுத்த தடவை மேலே சுற்ற ஒரு பருத்தித் துண்டு எடுத்துப் போக வேண்டும்.