கன்ட்ரோலர்ல ட்ரிஃப்ட் கத்துக்க எந்த கேம் நல்லது? மூணு கேம் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், ஸ்டியரிங் வீல் செட்டப் இல்லாம ட்ரிஃப்ட் (பின் சக்கரத்த வழுக்க விட்டு வண்டிய குறுக்கால ஓட்டறது) வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கேம்பேடுல நல்லாவே வரும், அழகாவும் வரும். ஆனா எந்த கேம்ல ஆரம்பிக்கறோம், உள்ள போய் எந்த செட்டிங்க தொடறோம்ங்கறதுல பாதி வேலை முடிஞ்சுடும், அத யாரும் சரியா சொல்றதில்லன்னு தான் இத எழுதறேன். ஃபோர்ஸா ஹொரைசன் 5, கார்எக்ஸ் ட்ரிஃப்ட் ரேசிங் ஆன்லைன், அசெட்டோ கோர்ஸா, இந்த மூணையும் மாத்தி மாத்தி ஆடிட்டே இருக்கேன். கிராஃபிக்ஸ் எப்படி, கார் எத்தனை, கதை என்னங்கறதெல்லாம் இதுல வராது. கேம்பேடோட உக்காந்திருக்கற ஒருத்தருக்கு இந்த கேம் ட்ரிஃப்ட் சொல்லிக்குடுக்குமா, அது ஒண்ணு தான் கேள்வி.

அதுக்கு நான் பாக்கறது வலது ட்ரிகர, அதாவது த்ராட்டில, ஆக்ஸிலரேட்டர் அது தான். எல்லாரும் இடது ஸ்டிக்க பத்தியே பேசுவாங்க, கவுண்டர் ஸ்டியர் (வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்க திருப்பறது) எப்ப குடுக்கணும் எவ்ளோ குடுக்கணும்னு. ஆனா கேம்பேட்ல ஸ்டிக் முழுசா உங்க கையில இல்லங்க. நிஜ ஸ்டைல்ல ஆடற 900 டிகிரி வீல் ஒரு கடைசியில இருந்து இன்னொரு கடைசிக்குப் போக ரெண்டரை சுத்து சுத்தணும், ஸ்டிக்கோ கண் இமைக்கற நேரத்துல இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போயிடும், அத அப்படியே முன் சக்கரத்துக்கு அனுப்பினா எந்த வண்டியும் நேரா போகாது, அதனால எல்லா கேமும் நடுவுல ஒரு ஃபில்டர் வச்சிருக்கு, ஸ்டியரிங்க மெதுவா திருப்பும், ஸ்பீடு ஏற ஏற திரும்பற அளவ குறைக்கும். த்ராட்டில் அப்படி இல்ல. நீங்க எவ்ளோ அமுக்கறீங்களோ அவ்ளோ தான் இன்ஜினுக்குப் போகுது. ட்ரிஃப்ட்ல வண்டி எவ்ளோ குறுக்கால நிக்கணும்னு முடிவு பண்றதும் பெரும்பாலும் அது தான்: கொஞ்சம் கூட்டினா பின் டயர் இன்னும் வழுக்கி வால் வெளிய போகும், கொஞ்சம் குறைச்சா பின் டயருக்கு கிரிப் திரும்பி வால் உள்ள வரும். முன் சக்கரம் வண்டி போற திசைய நோக்கி இருந்தா போதும். வலது ஆள்காட்டி விரல் பழகிடுச்சுன்னா ட்ரிஃப்ட் பழகிடுச்சுன்னு அர்த்தம்.

சரி, ஃபோர்ஸா ஹொரைசன் 5. பிளேகிரவுண்ட் கேம்ஸ் பண்ணது, 2021 நவம்பர்ல வந்துச்சு, மெக்ஸிகோ மேப். ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது இது தான், காரணம் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்ல ட்ரிகருக்குள்ளயே தனித்தனி வைப்ரேஷன் மோட்டார் இருக்கு, இந்த கேம் அத ரொம்ப நல்லா யூஸ் பண்ணுது. பின் சக்கரம் பிடி விட்டு சுத்த ஆரம்பிக்கறப்ப வலது ட்ரிகர்ல விரலுக்கு அடியில ஒரு நடுக்கம் வரும், ரொம்ப அமுக்கினா அது தடதடன்னு மாறும். ஸ்க்ரீன பாத்து தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடியே விரலுக்குத் தெரிஞ்சுடுது. புதுசா கத்துக்கறவங்களுக்கு இத விட நல்ல வாத்தியார் கிடையாது. வைப்ரேஷன் பிடிக்கலன்னு ஆஃப் பண்ணி வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு ட்ரிஃப்ட் பழகற வரைக்குமாவது ஆன்ல வைங்க.

டீஃபால்ட் செட்டிங்ல ஆரம்பிச்சா ஒண்ணும் வராது. ட்ராக்ஷன் கன்ட்ரோல் ஆஃப், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆஃப், இது ரெண்டும் கட்டாயம், ஏன்னா ட்ரிஃப்ட தடுக்கறதுக்குன்னே இருக்கற விஷயம் அது ரெண்டும். கியர் மேனுவல். ஆட்டோமேட்டிக்ல என்ன ஆகும்னா பின் சக்கரம் வெறுமனே சுத்தறப்ப ஆர்பிஎம் ஏறும், கியர்பாக்ஸ் அத பாத்துட்டு அடுத்த கியருக்கு தூக்கும், சக்கரத்துக்குப் போற டார்க் (சுழற்றற விசை) பொசுக்குன்னு குறையும், பாதி வளைவுல டயர் கிரிப் ஆகி வண்டி நேரா புதருக்குள்ள போயிடும். மூணாவது கியர்லயோ நாலாவது கியர்லயோ போட்டுட்டு முழு வளைவையும் அதே கியர்ல முடிக்கணும். ஸ்டியரிங் ஆப்ஷன்ல சிமுலேஷன் வைங்க, முதல்ல வண்டி பொசுக்கு பொசுக்குனு சுத்தும், ஆனா இந்தப் பக்க ட்ரிஃப்ட்ல இருந்து அந்தப் பக்க ட்ரிஃப்ட்டுக்கு மாறும்போது முன் சக்கரம் லேட் ஆகாம வரும், நார்மல்ல அந்த வேகம் கிடைக்காது. அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ்ல ஸ்டியரிங் டெட்ஸோன் இன்சைட (ஸ்டிக்கோட நடுவுல அசைச்சாலும் கேம் கண்டுக்காத பகுதி) எவ்ளோ குறைக்க முடியுமோ அவ்ளோ குறைங்க.

வண்டிக்கு வருவோம். பெரிய பவர் வேணாம். ஒரு நிசான் சில்வியாவோ மாஸ்டா எம்எக்ஸ்-5வோ எடுத்துட்டு ரியர் வீல் டிரைவாவே வச்சுட்டு 400 குதிரைத்திறன் பக்கத்துல நிறுத்திக்கங்க. அப்கிரேடுல ட்ரிஃப்ட் சஸ்பென்ஷன் போட்டா முன் சக்கரம் இன்னும் அதிகமா திரும்பும், ரொம்ப குறுக்கால போனாலும் வண்டிய திருப்பி எடுக்க இடம் இருக்கும். டியூனிங்ல காஸ்டர (முன் சக்கரம் திரும்பற அச்சோட சாய்வு) கடைசி வரைக்கும், அதாவது 7.0க்கு ஏத்திடுங்க, முன் கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயறது) மைனஸ்ல நாலு அஞ்சு, ரெண்டு பின் சக்கரத்துக்கும் பவர பிரிச்சுக் குடுக்கற டிஃபரன்ஷியல்ல ஆக்ஸிலரேஷன் லாக் 100. அந்த 100 எதுக்குன்னா ரெண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தணும், ஒண்ணு வழுக்கி ஒண்ணு பிடிச்சா வண்டி நடுவுல திணறும். நிறைய பேர் ட்ரிஃப்ட் ஸோன்ல (ட்ரிஃப்ட்டுக்கு பாயின்ட் குடுக்கற ரோடு பகுதி) மூணு ஸ்டார் வாங்க ஆல் வீல் டிரைவ் மாத்திட்டு ஆயிரம் குதிரைத்திறன் போட்டுட்டு ட்ரிகர முழுசா அமுக்கிப் பிடிச்சுட்டு போறாங்க, பாயின்ட் கிடைக்கும் தான், முன் சக்கரமும் சேந்து இழுக்கறதால வண்டி தன்னால வெளிய வந்துடும், ஆனா விரல் ஒண்ணும் கத்துக்காது. எனக்கு அந்த வழி சுத்தமா பிடிக்கல.

ஒரு வளைவு எப்படிப் போகுதுன்னு சொல்றேன். எரிமலையில இருந்து கீழ இறங்கற ரோடு இருக்கு, அதுல ஒரு கொண்டை ஊசி. மூணாவது கியர், வளைவுக்கு முன்னாடியே ஸ்டிக்க லேசா எதிர்ப்பக்கம் தட்டி உடனே வளைவுப் பக்கம் திருப்பறேன், அந்த ஆட்டத்துல எடை ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறி பின் பக்கம் லேசாகுது. அதே சமயம் வலது ட்ரிகர விட்டுட்டு கட்டை விரலால ஏ பட்டன், அதாவது ஹேண்ட்பிரேக், ஒரு தட்டு. பிடிச்சு வச்சிருக்கக் கூடாது, தட்டு தான். வால் கிளம்புது. கிளம்பினதும் ட்ரிகர் பாதிக்கும் மேல, ஸ்டிக் எதிர்ப்பக்கம். இப்ப தான் முக்கியமான இடம், ட்ரிகர்ல நடுக்கம் நிலையா இருக்கற மாதிரி விரல வச்சுக்கணும், கிணத்துல வாளி இறக்கறப்ப கயித்த இறுக்கியும் பிடிக்காம முழுசா விட்டும் விடாம கைக்குள்ள நழுவ விடுவோமே, அந்த அளவு. வளைவு முடியறப்ப ட்ரிகர ஒரேயடியா விட்டா வண்டி படக்குன்னு எதிர்ப்பக்கம் வீசிடும், கொஞ்சம் கொஞ்சமா விடணும், ஸ்டிக்கும் கூடவே நடுவுக்கு வரணும். ரெண்டும் சேந்து வர்ற அன்னைக்கு கிடைக்கற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே இந்த கேம வாங்கலாம்.

ஆனா நேரா எரிமலைக்குப் போகாதீங்க. காலியா விரிஞ்ச இடம் எதுனாலும் போய் முதல்ல வட்டம் போடுங்க, ஒரே அளவு வட்டம் விடாம போட வந்ததும் எட்டு போடுங்க. எட்டுல நடுவுல திசை மாறுற இடம் தான் எல்லாரோட வண்டியும் சுத்திப்போய் நிக்கற இடம், அங்க த்ராட்டில ஒரு நொடி குறைக்கணும், வண்டி தன் எடையால அந்தப் பக்கம் ஆடும், ஆடி முடியறதுக்குள்ள திரும்பவும் த்ராட்டில். இத ரொம்ப போர்னு நினைப்பாங்க, எனக்கு இன்னைக்கும் கேம் போட்டதும் முதல் வேலை இது தான், விரல் சூடாகும்.

ஃபோர்ஸாவோட எல்லை எங்கன்னா, டயர் ரொம்ப பொறுத்துப் போகும், தப்பு பண்ணாலும் காப்பாத்தும், ரீவைண்ட் பட்டன் வேற இருக்கு. ஒரு கட்டத்துக்கு மேல அது போதாது.

அங்க தான் கார்எக்ஸ். 2017ல பிசிக்கு வந்தது, ட்ரிஃப்ட்டுக்குன்னே செஞ்ச கேம். இதுல ஸ்டிக்க விட்டாலே முன் சக்கரம் தானா போற திசைக்குத் திரும்பப் பாக்கும், நிஜ ட்ரிஃப்ட் வண்டியில டிரைவர் ஸ்டியரிங்க கையில இருந்து விட்டு அது தானா சுத்தறத பாத்திருப்பீங்க, காஸ்டர் பண்ற வேலை அது, அந்த ஃபீல் இங்க கேம்பேடுலயே கிடைக்குது. அதனால இடது கட்டை விரல் சண்டை போடறத நிறுத்திட்டு லேசா வழி காட்டறதுக்கு மட்டும் பழகுது. ஸ்டியரிங் ஆங்கிள் முதக்கொண்டு எல்லாத்தையும் டியூன் பண்ணலாம். இதோட உண்மையான பலம் டேண்டம், ரெண்டு வண்டி ஒட்டி ஒட்டி ஓடறது. முன்னாடி ஓடறவர் ஆங்கிள கூட்டினா அவர் வேகம் குறையும், பின்னாடி ஓடறவர் அத நொடியில பாத்து த்ராட்டில குறைக்கணும், இல்லன்னா கதவுலயே போய் இடிக்கும். தனியா ஓடறப்ப வராத த்ராட்டில் கன்ட்ரோல் இதுல ரெண்டு மூணு சாயங்காலத்துல வந்துடும். ஃபார்முலா ட்ரிஃப்ட் மாதிரி நிஜ போட்டிகள்ல ஜட்ஜ் பாக்கறது லைன், ஆங்கிள், ஸ்டைல், வெறும் வேகம் கிடையாது, டேண்டம் ஆடினா அது ஏன்னு தன்னால புரியும். ஒரு வேண்டுகோள், ஆன்லைன் ரூமுக்குப் புதுசா போறவங்க முதல்ல கொஞ்சம் தள்ளி இடைவெளி விட்டு ஃபாலோ பண்ணுங்க, நல்லா ஓடறவங்க அவங்களாவே கிட்ட கூப்பிடுவாங்க.

அசெட்டோ கோர்ஸா கடைசி. இத்தாலியில குனோஸ் சிமுலாசியோனி பண்ணது, 2014ல முழு ரிலீஸ். இது வீல் வச்சிருக்கவங்க கேம்னு ஒரு பேர் இருக்கு, டீஃபால்ட் செட்டிங்ல கேம்பேட்ல ஓட்டினா அது உண்மைன்னு தோணும், ஆனா அந்த ஃபில்டர உங்க கையிலயே குடுக்கற கேமும் மூணுல இது தான். ஸ்பீடு சென்சிட்டிவிட்டின்னு ஒரு செட்டிங், வேகம் ஏறினா ஸ்டியரிங்க குறைக்கறது, ரேஸுக்கு நல்லது, ட்ரிஃப்ட்டுக்கு எதிரி, வேகமா போறப்ப தானே முழு லாக் (சக்கரம் கடைசி வரைக்கும் திரும்பறது) வேணும், அத நல்லா குறைங்க. ஸ்டியர் ஸ்பீட கூட்டுங்க, சக்கரம் சீக்கிரம் திரும்பும். காமா கூட்டினா ஸ்டிக்கோட நடுப்பகுதி மென்மையாகும், சின்ன அசைவுக்கு சின்ன திருப்பம். ஃபில்டர் கூட்டினா எல்லாம் வழவழன்னு இருக்கும், ஆனா லேட்டா வரும், நான் கம்மியா தான் வைப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ண மட்டும் மாத்தி ஓட்டிப் பாருங்க, நாலையும் சேத்து மாத்தினா எது உதவிச்சுன்னே தெரியாது.

செட் ஆயிடுச்சுன்னா இது வேற உலகம். பிஎம்டபிள்யூ எம்3 இ30 ட்ரிஃப்ட் வண்டிய எடுத்துட்டு கேமோடவே வர்ற ட்ரிஃப்ட் ட்ராக்குக்கு போங்க. டயர் சூடாகறது வரைக்கும் தெரியும், சூடேற ஏற கிரிப் மாறும், ஆரம்பத்துல சரியா இருந்த த்ராட்டில் அளவு கொஞ்ச நேரம் கழிச்சு சரியா இருக்காது, விரல் கேட்டுட்டே இருக்கணும். ஃபோர்ஸா மன்னிக்கறத இது மன்னிக்காது. ஃபோர்ஸாவும் கார்எக்ஸும் ஓரளவு வந்த பிறகு தான் இத எடுக்கச் சொல்வேன், நேரா இதுல இறங்கினவங்க நிறைய பேர் கேம்பேட குறை சொல்லிட்டு விட்டுட்டுப் போயிருக்காங்க, ரொம்ப வருத்தமா இருக்கும் அத பாக்கறப்ப.

கன்ட்ரோலர் பத்தி சொல்லியே ஆகணும். நான் முன்னாடி வச்சிருந்த ஒண்ணுல ஸ்டிக் தேஞ்சு தொடாமலே இடது பக்கம் இழுக்க ஆரம்பிச்சுது, பிராண்ட் பேர் வேணாம், உள்ள உரசற பொடென்ஷியோமீட்டர் வச்ச எந்த ஸ்டிக்குக்கும் என்னைக்காவது நடக்கறது தான். டெட்ஸோன கூட்டி சமாளிக்கலாம், ஆனா கூட்டின அளவுக்கு அந்த நடுப்பகுதியோட சின்னச் சின்ன அசைவு செத்துப்போகும், ட்ரிஃப்ட்ல வேலை பண்றதே அந்த அசைவு தான். புதுசா வாங்கறதா இருந்தா ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இருக்கான்னு பாருங்க, காந்தத்த வச்சு அளக்கறதால உரசல் இல்ல. ஸ்டிக் மேல மாட்டற உயரமான தொப்பியும் உதவும், அதே திருப்பத்துக்கு கட்டை விரல் இன்னும் கொஞ்ச தூரம் போகணும், அதனால அளவு நுணுக்கமா வரும். கிளட்ச் கிக் (கிளட்ச சட்டுன்னு அமுக்கி விட்டு பின் சக்கரத்த வழுக்க வைக்கறது) பண்ண நினைக்கறவங்க இடது பம்பர்ல ஆள்காட்டி விரல், இடது ட்ரிகர்ல நடு விரல்னு பிரிச்சு வச்சுக்கங்க, ஒரே விரலால பிரேக்கும் கிளட்ச்சும் சேந்து வராது.

அப்புறம் ப்ரோ கன்ட்ரோலர்கள்ல பின்பக்கம் ட்ரிகர் தூரத்த குறைக்கற ஒரு ஸ்விட்ச் இருக்கும், சுடற கேம்ல சீக்கிரம் சுடறதுக்காக வச்சது. ட்ரிஃப்ட் ஆட உக்கார்றதுக்கு முன்னாடி அத முழு தூரத்துக்குத் தள்ளிடுங்க, பாதிக்கும் முக்காலுக்கும் நடுவுல விரல் தேடவேண்டிய இடமே குறைச்ச தூரத்துல இருக்காது.