அரிசி களையும் கூடையும் மலைத்திராட்சைப் பட்டைப் பையும்: மிஷிமாவின் கைப்பின்னல்கள்

ஜப்பானில் கொடியையும் கொடிப்பட்டையையும் கொண்டு கையால் முடைந்த கூடையை முதன்முதலில் கடையில் பார்ப்பவர் அதன் விலைச்சீட்டைக் கண்டதும் மலைத்துப் போவார். கைப்பை ஒன்றுக்கு 1,00,000 யென்னும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். தோக்கியோவுக்கு நான் குடிவந்த புதிதில், கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பியது பல முறை உண்டு. இப்போது என் வீட்டில் இத்தகைய கூடைகள் மூன்று இருக்கின்றன. நான்கு ஆண்டுகளாக அவற்றை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் அன்றாட வேலைக்கே பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றை, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

மூன்றில் இரண்டு, ஃபுகுஷிமா மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியில் ததாமி ஆற்றங்கரையில் உள்ள மிஷிமா என்ற சிற்றூரில் வாங்கியவை. ஷிஜுவோகா மாநிலத்தில் அதிவேக ரயில் நிற்கும் மிஷிமா என்னும் நகரம் வேறு. பயணச்சீட்டு எடுக்கும்போது கவனம் தேவை. கூடைகளின் ஊருக்குப் போக அய்சுவகமட்சுவில் ததாமி வழித்தட ரயிலேறி அய்சுமியாஷிதா நிலையத்தில் இறங்க வேண்டும். நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடும் தடம் அது. ஆற்றை ஒட்டியும் குறுக்கே கடந்தும் செல்லும் அந்தப் பாதையில் ஒன்றரை மணி நேரம் போவது எனக்குச் சலித்ததில்லை.

பனி கொட்டித் தீர்க்கும் பகுதி இது. வயலும் காடும் வெண்மைக்கு அடியில் புதைந்து கிடக்கும் மாதங்களில் வீட்டுக்குள் அமர்ந்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய கூடைகளையும் சல்லடைகளையும் தோளில் மாட்டும் பைகளையும் தாமே முடைந்துகொள்வது இவ்வூர் உழவர்களின் வழக்கம். ஊர் எல்லைக்குள் இருக்கும் அராயஷிகி என்ற அகழாய்விடத்தில் ஜப்பானின் தொல்பழங்காலமான ஜோமோன் காலத்துப் பின்னல் துண்டுகளும் கயிறுகளும் கிடைத்திருக்கின்றன என்பதிலிருந்து, இந்தக் கைப்பழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பிளாஸ்டிக் வந்த பிறகு இங்கும் அது தேயத் தொடங்கியது. 1981-இல் ஊராட்சியே முன்னின்று, வீட்டுக்கு வேண்டியதை வீட்டிலேயே செய்யும் கைவினையை மீட்டெடுக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 1986-இல் அதற்கென ஒரு கைவினைக் கூடமும் எழுந்தது. 2003-இல் ஜப்பான் அரசு இப்பகுதிப் பின்னல்களை ‘ஒகு அய்சு அமிகுமி சைகு’ என்ற பெயரில் தேசியப் பாரம்பரியக் கைவினையாக அறிவித்தது. ‘ஒகு’ என்றால் உட்புறம். அய்சு என்பது ஃபுகுஷிமாவின் இந்த மேற்கு வட்டாரத்தின் பெயர். அய்சு வட்டாரத்தின் உள்மலைப் பின்னல் என்று பொருள் கொள்ளலாம்.

விலை ஏன் அப்படி என்பதற்கு விடை மூலப்பொருளில் இருக்கிறது. இங்கே மூன்று செடிகளைக் கையாளுகிறார்கள். மூன்றும் காட்டில் தாமாக வளர்பவை. ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு அதற்குரிய பருவம் உண்டு. மலைத்திராட்சைக் கொடியின் பட்டையை, வேர் நீரை மளமளவென்று மேலே இழுக்கும் ஜூன் மாத மழைக்காலத்தில், சில வாரங்களுக்குள் உரித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பட்டை தண்டைவிட்டுப் பிரியாது. மரங்களின் உச்சிவரை ஏறிப் படர்ந்திருக்கும் அந்தக் கொடியைத் தேடிக் காட்டுக்குள் வெகுதூரம் நடந்து, முரட்டு மேற்பட்டையை நீக்கி, உள்ளே இருக்கும் நார்ப்பட்டையை நீளம் குறையாமல் உரித்துச் சுமந்து வருகிறார்கள். ஹிரோரோ என்பது கோரை இனத்துப் புல். அதை இலையுதிர்காலத் தொடக்கத்தில் எடுத்துக் காயவைத்துக் கயிறாகத் திரித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது மத்தாத்தாபி. கிவிப் பழத்தின் உறவான இந்தக் கொடி, பூனைகளை மயக்கும் மணத்துக்காக ஜப்பான் முழுவதும் பெயர் பெற்றது. இதன் இளந்தண்டுகளை இலை உதிர்ந்த பின், பனி மூடுவதற்குள் வெட்டி எடுக்கிறார்கள். இப்படி ஆண்டின் பெரும்பகுதி சேகரிப்பதிலும் காயவைப்பதிலும் கழிந்த பிறகுதான் முடைவதற்கு உட்காரவே முடியும். ஒரு கூடையின் விலையில் பாதிக்கு மேல் இந்த நடைக்கும் காத்திருப்புக்கும் உரிய கூலி என்பது என் கணிப்பு.

என் மூன்று கூடைகளில் எது சிறந்தது என்று கேட்டால், தயங்காமல் மத்தாத்தாபியில் முடைந்த அரிசி களையும் கூடையையே சொல்வேன். ‘ஜாரு’ என்று அழைக்கப்படும் இது, அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் இருக்கும் சிறிய கூடை. நான் வாங்கியது மூன்று கோப்பை அரிசி தாராளமாகக் கொள்ளும். விலை ஏறத்தாழ 15,000 யென். முதல் பார்வைக்கு அதில் எந்தக் கவர்ச்சியும் தெரியாது. காய்ந்திருக்கும்போது விறைப்பாக, சற்றுச் சொரசொரப்பாகக்கூட இருக்கும். அதைத் தண்ணீரில் அமிழ்த்தும்போதுதான் அதன் குணம் வெளிப்படுகிறது. நீரை உறிஞ்சியதும் கீற்றுகள் இளகி, உள்ளங்கை அழுத்தும் இடத்தில் மெல்ல வளைந்து கொடுக்கின்றன. எவர்சில்வர் வடிதட்டில் அரிசியைத் தேய்த்துக் களையும்போது குருணை உடைந்து அடியில் தங்குவதை எல்லாரும் பார்த்திருப்போம். இந்தக் கூடையில் அரிசி தேய்படாமல் புரள்கிறது. ஒரு சட்டியில் நீர் வைத்து, அதற்குள் கூடையை அமிழ்த்தி, நாலு முறை அலசித் தூக்கினால், கழுநீர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்கிவிடுகிறது. சற்றே சாய்த்துப் பிடித்தால் அடிமூலையில் திரளும் கடைசித் துளிகளும் சொட்டிவிடும். பின்னலின் இடுக்கில் ஓர் அரிசிகூடச் சிக்குவதில்லை. ஜப்பானியக் குட்டை அரிசிக்காகப் பின்னப்பட்ட அந்த இடைவெளி, நான் வாரம் இரண்டு முறை சமைக்கும் சன்ன ரக அரிசிக்குச் சரிவருமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. அதுவும் தேவையில்லாத கவலை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. அரிசியைவிடச் சிறிய தானியங்களை மட்டும் இதில் இடுவதில்லை. அவை கீற்றுகளுக்கு நடுவே போய் மாட்டிக்கொள்கின்றன.

செய்முறையில் என்னை மிகவும் கவர்ந்த கட்டமும் இந்தக் கூடைக்கு உரியதுதான். தண்டின் மேற்தோலைச் சுரண்டி எடுத்து, கத்தியால் நீளவாக்கில் பிளந்து, உள்ளிருக்கும் மென்மையான நடுச்சதையை நீக்கி, எல்லாக் கீற்றுகளையும் ஒரே அகலத்துக்குச் சீவி, ஈரம் காயாமல் முடைகிறார்கள். முடைந்து முடித்த கூடைகளைக் குளிர்காலத்தின் கடைசியில் பனியிலும் வெயிலிலும் வாரக்கணக்கில் வைத்து வெளுக்கவிடுகிறார்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில், நாரின் கறையை எடுத்து அதை வெளிர்நிறமாக்குகிறது. ரசாயனம் எதுவும் சேராததால், உணவுப் பொருளை அதில் இட எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் ஆண்டு மழைக்காலத்தில், களைந்து முடித்த கூடையை ஈரத்தோடு கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். பத்து நாள் கழித்து வந்து பார்க்கையில் அடிப்பகுதி முழுவதும் கறுப்புப் புள்ளிகள் படர்ந்திருந்தன. நார்த் தேய்ப்பானால் எவ்வளவு தேய்த்தும் சில புள்ளிகள் இன்றுவரை போகவில்லை. வாங்கும்போதே, ‘உதறிவிட்டுக் காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பிழை முழுவதும் என்னுடையது. சோப்பு போடக்கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்கவே கூடாது. இந்தச் சிறு ஒழுங்கைக் கடைப்பிடிக்க நேரமில்லாத சமையலறைக்கு இந்தக் கூடையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலைத்திராட்சைப் பட்டையில் முடைந்த பைதான் பெரும்பாலானோர் தேடி வருவது. நானும் அதையே தேடினேன்; முதல் முறை ஏமாந்தேன். தோக்கியோவில் ஒரு கடையில், இன்ன இடத்தில் முடைந்தது, இன்ன காட்டிலிருந்து வந்தது என்று தெளிவாக எதையும் சொல்லாமல், ‘கைப்பின்னல் மலைத்திராட்சை’ என்று மட்டும் எழுதிய பையை 40,000 யென்னுக்கு வாங்கினேன். இரண்டாம் ஆண்டிலேயே கைப்பிடியின் அடிக்கட்டு நெகிழ்ந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனபோது, செய்தவர் யாரென்று தெரியாது, பழுதுபார்க்க வழியில்லை என்று கைவிரித்தார்கள். சந்தையில் விற்கும் பைகளில் சீனாவில் முடைந்து வருபவை ஏராளம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். சீனாவில் முடைந்தாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் நல்ல கைகள் உண்டு. யார் செய்தது, எங்கே பட்டை எடுத்தது என்ற கேள்விக்கு விடை இல்லாத பொருளுக்கு அந்த விலை தகாது என்பதே என் மனக்குறை.

மிஷிமாவில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் கைவினைஞர் திருவிழா ஒன்று நடக்கிறது. பல பகுதிகளிலிருந்தும் கைவினைஞர்கள் வந்து, தாம் செய்ததைத் தாமே கடை விரித்து விற்கிறார்கள். அங்கே எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவரிடம் இரண்டாவது பையை வாங்கினேன். விலை 1,20,000 யென். பணத்தை எடுப்பதற்கு முன்பு அரைமணி நேரம் அந்தப் பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அவரும் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக விளக்கினார். காய்ந்த பட்டையை மறுபடி நீரில் ஊறவைத்து, மரக்கட்டையில் இழுத்து இழுத்து நெகிழச் செய்து, மென்மையும் கனமும் ஒத்த இடங்களை மட்டும் தேர்ந்து, ஒரே அகலத்தில் நறுக்கி, மரஅச்சைச் சுற்றி முடைகிறார். என் பையில் அடியிலிருந்து மேலேறும் பாவுக் கீற்று, மறுபுறம் இறங்கும்வரை ஒட்டில்லாமல் ஒரே நீளமாக ஓடுகிறது. வாய்க்கட்டைச் சுற்றி வரும் பட்டையின் முனை எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. பழைய பையில் சாயம் ஏற்றிய ஒரே பழுப்பு நிறம். இதிலோ ஒரே வரிசையில்கூட வெளிர்மஞ்சளும் செம்பழுப்பும் கருமையும் மாறி மாறி வருகின்றன. அது கொடியின் சொந்த நிறம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று, அரசு அங்கீகாரத்தைக் காட்டும் முத்திரைச் சீட்டு. 1974-இல் வந்த சட்டத்தின் கீழ், 100 ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடரும் நுட்பத்தையும் மூலப்பொருளையும் கொண்டு, பெரும்பாலும் கையாலேயே, குறிப்பிட்ட வட்டாரத்தில் செய்யப்படும் அன்றாடப் பொருள்களுக்கே அந்தத் தகுதி கிடைக்கிறது. முத்திரை இல்லாமல் விற்கும் நல்ல கைவினைஞர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் முகம் தெரியாத கடையில் வாங்குபவருக்கு அதைவிட வேறு பிடிமானம் இல்லை.

இந்தப் பையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக இருந்த முதல் சில மாதங்களில் பட்டையின் ஓரப் பிசிர் என் கம்பளிச் சட்டையின் நூலை இருமுறை இழுத்துவிட்டது. மெல்லிய துணி உடுத்தும் நாளில் அதை எடுத்துச் செல்வதில்லை. வாய் மூடும் வசதி இல்லாததால், உள்ளே ஒரு துணிப்பை தைத்துப் போட்டிருக்கிறேன். மழையில் நனைந்தால் பதறத் தேவையில்லை. துடைத்து நிழலில் வைத்தால் போதும். நாளாக ஆகக் கைபட்ட இடம் பளபளக்கத் தொடங்குகிறது. கைப்பிடியின் உட்பக்கம் இப்போது எண்ணெய் தடவியதுபோல் கருத்து மின்னுகிறது. பட்டையின் வாசமும் மறைந்து, முன்பு உரசிய ஓரங்கள் விரலுக்கு இதமாகிவிட்டன. சென்ற ஆண்டு அடிமூலையில் ஒரு கீற்று தேய்ந்தபோது, அந்தப் பெரியவருக்கு எழுதிக் கேட்டேன். பையை அனுப்பச் சொல்லி, அதே நிறத்துக்கு நெருங்கிய கீற்றைச் செருகித் திருப்பி அனுப்பினார்; தபால் செலவுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

மூன்றாவது கூடை வடக்கே அவோமோரி மாநிலத்தின் ஹிரோசாகி நகரில் வாங்கியது. இவாகி மலையடிவாரத்தில் தரையோடு ஊர்ந்து வளரும் அகேபிக் கொடியை, பட்டை உரிக்காமல் முழுத்தண்டாகவே அங்கே முடைகிறார்கள். உருண்டையான கம்பிபோன்ற தண்டு என்பதால் பின்னலில் காற்று புகும். கூடை எடை குறைவு. ரொட்டியும் பழமும் வைக்க ஏற்றது. விலையும் திராட்சைப் பட்டைப் பையைவிட வெகுவாகக் குறைவு. முதன்முதலில் ஒரு கொடிக்கூடை வாங்கிப் பார்க்க நினைப்பவர் இதில் தொடங்குவது நல்லது. தண்டு காய்ந்து இறுகுவதால், ஓரிடத்தில் ஓங்கி இடித்தால் முறியும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னும் என்னிடம் இல்லாதது ஹிரோரோப் பை. மலைக்குக் கீரை பறிக்கப் போகிறவர்கள் தோளில் மாட்டிக்கொள்வதற்காகப் பிறந்த பை அது; திரித்த கயிற்றை வலைபோலக் கோத்துச் செய்வதால், கையில் எடுத்தால் துணிபோல மடங்குகிறது, காய்ந்த புல்லின் மணம் வீசுகிறது. மிஷிமாவின் கைவினைக் கூடத்துக்குச் சென்ற இரண்டு முறையும் அந்த அலமாரித் தட்டு வெறுமையாகவே இருந்தது. திருவிழாவில் ஒரு பாட்டியம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த இலையுதிர்காலத்தில் எடுக்கும் புல் நன்றாகக் காய்ந்து, பனிக்காலத்தில் திரித்து முடித்தபின், இளவேனிலில் தகவல் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.