650 ரூபாய்த் தக்காளி: ஒரு செமஸ்டர் பாவித்துப் பார்த்தேன்

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். சமையலறை டைமர். தக்காளி வடிவம், சிவப்பு பிளாஸ்டிக், உச்சியில் பச்சைக் காம்பு, இடுப்பைச் சுற்றி நிமிட இலக்கங்கள். பற்றரி கிடையாது. மேல்பாதியைப் பிடித்துத் திருகினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் இறுகும், பிறகு கிக் கிக் என்று மெல்ல மெல்லத் திரும்பி வந்து பூச்சியத்தில் மணி அடிக்கும். அவ்வளவுதான். பிராண்ட் பெயர் எதுவும் இல்லை. கொழும்பில் புறக்கோட்டையில் குறுக்குத் தெருப் பக்கம் பிளாஸ்டிக் சாமான் விற்கிற ஒரு கடையில் வாங்கினேன். கடைக்கார நானா 750 சொன்னார், "கம்பஸ் பிள்ளை நானா, பார்த்துப் போடுங்க" என்றேன், நூறு குறைந்தது. "கேக் அடிக்கவா தம்பி?" என்று கேட்டார். படிக்க என்று சொல்ல ஒரு மாதிரி இருந்தது, ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இதற்கு முன்னால் காசு போன வழியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த 650இன் அருமை விளங்காது. போன வருடம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மாணவர்களுக்கான நேர முகாமைத்துவச் செயலமர்வு என்று ஒன்று நடந்தது, 3500 ரூபாய் கட்டிப் போனேன், யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். பேசியவர் விடிய நாலு மணிக்கு எழும்பச் சொன்னார், பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னார் (எங்கள் போர்டிங்கில் வேறு தண்ணீர் வந்ததே இல்லை), பத்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அடுத்த கிழமை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழும்பி, ஐந்து மணிவரை கட்டிலில் கிடந்து போன் பார்த்துவிட்டு, பத்து மணி லெக்சரில் நித்திரை கொண்டேன்.

போனிலேயே டைமர் இருக்கிறதே, எதற்குத் தனியாக ஒன்று என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் போன் டைமரைத் தொடங்கப் போனைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால் பட்ச் குரூப்பில் யாரோ அசைன்மென்ட் திகதி தள்ளிப்போட்டாச்சா என்று கேட்டிருப்பான், அதற்கு நாற்பது பேர் பதில் போட்டிருப்பார்கள், அதில் ஒருவன் மீம் போட்டிருப்பான், அந்த மீமுக்கு விளக்கம் தேடிப் போனால் அரை மணித்தியாலம் காணாமல் போயிருக்கும். டைமர் தொடங்கவே இல்லை. தக்காளியில் பார்க்க ஒன்றுமில்லை, திருகலாம், கேட்கலாம், வேறொன்றுக்கும் அது உதவாது, எனக்கு வேண்டியதும் அதுதான்.

டைமர் வைத்துப் படிக்கிற இந்த முறை புதிதில்லை. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், குசினியில் கிடந்த தக்காளி டைமரை எடுத்து மேசையில் வைத்துத் தொடங்கியது. இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பெயர் பொமொடோரோ, அதனால்தான் இதற்குப் பொமொடோரோ முறை என்று பெயர். 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. இதை விளக்க ஒரு செயலமர்வு தேவையில்லை என்பது என் கருத்து.

சரி, பாவித்துப் பார்த்தால் என்ன நடக்கிறது? எனக்கு நடந்தது அவமானம். முதல் நாள் சனிக்கிழமை. காலை எட்டரைக்கு மேசையில் இருந்தேன், இரவு ஒன்பதுக்கு எழும்பினேன். வழக்கமாக அம்மா போன் எடுத்துக் கேட்டால் "இண்டைக்கு முழுக்கப் படிச்சனான் அம்மா" என்று சொல்லியிருப்பேன், அதை நானும் நம்பியிருப்பேன். அன்றைக்கு சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தக்காளி மணி அடிக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு கோடு போட்டிருந்தேன். ஐந்து கோடு. இரண்டு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும். மிச்சமெல்லாம் எங்கே போனது என்று எண்ணிப் பார்த்தால், பிளேன்டீ போட்டது, அறையைக் கூட்டியது, நோட்ஸுக்கு மூன்று நிறத்தில் கோடு அடித்தது, அடுத்த கிழமைக்கு வடிவான டைம்டேபிள் ஒன்று கீறியது. இந்தச் சாமானின் உண்மையான பெறுமதி இதுதான் என்று நினைக்கிறேன். படிக்க வைக்கிற வேலையை இது செய்வதில்லை, படிக்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவது மாதம் ஒரு நாளைக்குப் பத்துக் கோடு வந்தது, அது நாலு மணித்தியாலமும் கொஞ்சமும்தான், ஆனால் முன்பு நான் "முழு நாள்" என்று சொன்னதைப்போல இரண்டு மடங்கு. பத்துக்கு மேலே போன நாட்கள் மிகக் குறைவு, அந்த நாட்களில் கடைசி இரண்டு கோடும் சும்மா போட்ட கோடு என்று எனக்குத் தெரியும்.

இனிக் குறைகள். நேரம் சரியில்லை. 25இல் வைத்தால் போன் மணிக்கூட்டின்படி 27 நிமிடத்தில் அடிக்கிறது, சிலநேரம் 26. பரீட்சை மாதிரி வினாத்தாள் செய்யும்போது இதை நம்பக் கூடாது. இன்னொன்று, நேரே 25க்குத் திருகினால் மணி சில வேளைகளில் அடிக்காமலே நின்றுவிடும். முதலில் கடைசி மட்டும் திருகி ஸ்பிரிங்கை இறுக்கி, பிறகு 25க்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது, அதற்குள் ஒரு தரம் எழுபது நிமிடம் ஓய்வெடுத்தேன், மணி அடிக்கும் என்று காத்திருந்து. உருண்டை என்பதால் மேசையில் இருந்து உருளும், விழுந்து காம்பு உடைந்து போயிற்று. சத்தம் பெரிய பிரச்சினை. பகலில் காலி (Galle) வீதி பஸ் சத்தத்தில் ஒன்றும் தெரியாது, இரவு பத்தரைக்கு எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கை அடங்கின பிறகு அந்தக் கிக் கிக் தலைக்குள் கேட்கும். அறையில் கூட இருக்கிறவன் மூன்றாம் நாளே "மச்சான், ஒண்டு அது இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்" என்று சொல்லிவிட்டான். துவாயில் சுற்றி மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தோம், கிக் கிக் குறைந்தது, மணி மட்டும் கேட்டது, இரண்டு பேருக்கும் சம்மதம். பையில் போட்டுக்கொண்டு 155 பஸ்ஸில் கம்பஸ் போன ஒரு நாள், உள்ளே ஏதோ அமத்துப்பட்டு ஓடத் தொடங்கியிருக்கிறது, நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது மணி அடித்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த ஹோல்ட்டில் என்னை இறக்கப் பார்த்தார்.

வாசிகசாலைக்கு இதைக் கொண்டுபோகவே வேண்டாம். வெள்ளவத்தையில் 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நூலகமும் உண்டு. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம். இப்படியான இடங்களில் தக்காளி அடித்தால் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். அதற்கு, பின்னால் காந்தம் ஒட்டின டிஜிட்டல் டைமர் ஒன்றை நண்பனிடம் வாங்கிப் பாவித்தேன். நேரம் சரி, ஆனால் பட்டனை அமத்துவது ஒரு வேலையைத் தொடங்குகிற மாதிரியே இல்லை. திருகும்போது கையில் ஒரு இறுக்கம் வருமே, அது இல்லை. இது என் பிரமையாக இருக்கலாம். இன்னொரு விஷயம், நான் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்தது 2022 பெப்ரவரி, மார்ச்சில், அந்த மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்தின காலம் அது. சார்ஜ் தேவையில்லாத எந்தச் சாமானிலும் எனக்குப் பாசம் கொஞ்சம் கூடத்தான்.

25 நிமிடம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இதை யாரும் சொல்வதில்லை. நான் முகாமைத்துவம் படிக்கிறேன், ஒரு கூட்டுக் கம்பனிக் கணக்கைச் செய்ய இருந்தால் தரவு வாசித்து முடியவே பத்து நிமிடம், மனம் உள்ளே இறங்கி இலக்கங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்போது டிங் என்று அடிக்கும். எரிச்சல்தான் வரும். கணக்குக்கு 50 வைத்துப் பத்து நிமிடம் ஓய்வு எடுத்தேன். பாடமாக்குகிற விஷயம், வாசிப்பு, ஈமெயில் போன்ற, மனம் கள்ளமடிக்கிற வேலைகளுக்கு 25. குப்பி (மாணவர்களே கூடியிருந்து ஒருவருக்கொருவர் படிப்பிக்கிறது) நடத்தும்போதும் 50தான் வைத்தோம், ஏழு பேர் இருக்கிற இடத்தில் மணி அடித்தால்தான் கதை நிற்கிறது. அல்லது கதை தொடங்குகிறது, இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

25 நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது என்பதிலும் ஒரு மாற்றம் செய்தேன், டைமரைவிட அதுதான் மார்க்ஸைக் கூட்டியது என்று சந்தேகம். கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததை வெறும் தாளில் எழுதுவது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள், ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து ஞாபகப்படுத்தி எழுதினவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சைக்கு முதல் இரவு எல்லாம் தெரியும்போல இருந்து, ஹோலுக்குள் போய் வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். முதல் கிழமை எனக்கு அந்தத் தாளில் நாலு வரிகூட வரவில்லை.

ஓய்வு நேரம் பற்றி. ஐந்து நிமிடத்தில் போனைத் தொட்டால் அது ஐந்து நிமிடமாக இராது, அதனால் போன் அலுமாரிக்குள், உடுப்புக்குக் கீழே. எழும்பித் தண்ணீர் குடிப்பேன், பல்கனியில் நின்று கீழே யார் போகிறார்கள் என்று பார்ப்பேன். இரவு ஒன்பதுக்குப் பிறகு கோப்பி குடிப்பதை நிறுத்தினேன். காபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே பலருக்கு ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்குமாம், அப்படியென்றால் ஒன்பது மணிக் கோப்பியின் பாதி இரவு இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கும். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது நித்திரை வேண்டும் என்கிறார்கள், நாலு மணிக்கு எழும்பச் சொன்னவர் எத்தனை மணிக்குப் படுப்பார் என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். இப்போது பதினொன்றுக்குத் தக்காளி துவாய்க்குள் போய்விடும், எத்தனை கோடு வந்திருந்தாலும் சரி.

வேலை தேடுகிற பக்கத்துக்கும் இது உதவியது, எதிர்பாராமல். இன்டர்ன்ஷிப் தேட வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே திரிந்தேன், சி.வி. என்று ஒரு பைல் இருந்தது, அதில் என் பெயரும் ஓ.எல். பெறுபேறும் இருந்தன. ஒரு நாளைக்கு ஒரு தக்காளி இதற்கு என்று ஒதுக்கினேன். ஒரு நாள் சி.வி.யில் ஒரு பகுதி, ஒரு நாள் இரண்டு கம்பனிக்கு மெயில், ஒரு நாள் முன்னைய பட்ச் அக்கா ஒருவருக்கு எங்கே இடம் இருக்கும் என்று கேட்டு மெசேஜ். அந்த மெசேஜை எழுத மட்டும் 25 நிமிடம் முழுசாகப் போனது, கூச்சம். மூன்று கிழமையில் பதினாறு இடத்துக்கு அனுப்பி, மூன்று இடம் பதில் போட்டு, ஒன்று கிடைத்தது. கம்பஸில் தொழில் வழிகாட்டல் பிரிவு என்று ஒன்று இருப்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது, சி.வி.யைக் காசில்லாமல் பார்த்துத் திருத்தித் தந்தார்கள். 3500 கட்டின மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதால் முடியாதவையும் இருக்கின்றன. கம்பஸ் பிள்ளைகளுக்கான மகாபொல புலமைப்பரிசில் 2025இல் 5000இலிருந்து 7500 ஆனது, வெள்ளவத்தையில் அறை வாடகையில் அது எந்த மூலைக்கும் காணாது, பின்னேரத்தில் ரியூஷன் கொடுக்கப் போகிற பிள்ளைக்கு நேரம் இல்லாதது ஒழுங்கில்லாததால் இல்லை. அவருக்கு டைமர் வாங்கிக் கொடுத்து என்ன பயன்? எனக்கும் செமஸ்டர் நடுவில் இரண்டு கிழமை கோடே விழவில்லை. மணி அடிக்கும், நான் அதே பக்கத்தில் இருப்பேன், சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் கிடக்கும். அதைச் சோம்பல் என்று நினைத்து இன்னும் இறுக்கித் திருகினேன், அது பிழை. கூட இருக்கிறவன்தான் கவனித்து, கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்க வைத்தான். அப்படிக் கதைக்க ஆள் இல்லாதவர்களுக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது, எடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: கடையிலேயே ஒரு தரம் இரண்டு நிமிடத்துக்கு வைத்து அடிக்கிறதா என்று பாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு நானா மாற்றித் தரமாட்டார். அடி தட்டையாக இருக்கிறதைத் தேடுங்கள், உருளாது. 750க்கு மேல் கொடுக்க வேண்டாம்.

என்னுடையது இப்போது என்னிடம் இல்லை. ஒண்டு அது இருக்கோணும் இல்லாட்டி நான் என்று சொன்னவனுக்கு அடுத்த மாதம் ரிப்பீட் பரீட்சை, போன ஞாயிறு துவாயோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். காம்பு இல்லாத தக்காளி அவன் மேசையில் கிக் கிக் என்கிறது, எனக்கு நித்திரை வருகுதில்லை.