காலி இடங்களையும் எண்ணுவதா? ஆட்சிக்குழுவின் குறைவெண்ணும் வாக்கு விதிகளும்

ஒரு பொது நிறுவனத்தின் ஆட்சிக்குழுவில் எத்தனை பேர் கூடினால் கூட்டம் செல்லும் என்பதை, பேச்சு வழக்கில் கோரம் எனப்படும் குறைவெண் தீர்மானிக்கிறது. எத்தனை பேர் ஆதரித்தால் தீர்மானம் நிறைவேறும் என்பதைப் பெரும்பான்மை விதி தீர்மானிக்கிறது. இரண்டிலும் பாதியா மூன்றில் ஒரு பங்கா என்றே விவாதம் நடக்கிறது. அந்தப் பங்கு எதனுடைய பங்கு என்பதுதான் அதைவிட முக்கியமான கேள்வி.

9 இடங்கள் கொண்ட குழுவில் 4 இடங்கள் காலியாக உள்ளன என்று கொள்வோம். சட்டம் வகுத்த மொத்த இடங்களில் பாதிக்கு மேல் என்பது விதியானால் எஞ்சிய 5 பேரும் வந்தாக வேண்டும்; ஒருவர் நோயுற்றாலும் கூட்டம் நடக்காது. பதவியில் இருப்போரில் பாதிக்கு மேல் என்பது விதியானால் 3 பேர் போதும், அவர்களில் இருவர் இசைந்தால் ஒன்பது பேர் குழுவின் பெயரால் முடிவு வெளிவந்துவிடும்.

முதல் முறையின் விலை சிறிதல்ல. அமெரிக்காவில் அரசு ஊழியர்களின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் மூன்று உறுப்பினர் வாரியம், 2017 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை குறைவெண் இல்லாமல் முடங்கியதால், 3,500-க்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கின. அந்நாட்டின் ஐந்து உறுப்பினர் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், எஞ்சிய இருவரை வைத்தே ஏறத்தாழ 600 வழக்குகளைத் தீர்த்தது. சட்டம் கேட்பது மூவரை என்பதால் இருவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தில் காணலாம். அதன்படி இயக்குநர் குழுவின் குறைவெண், காலியிடங்களை நீக்கிய எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இருவர், இவற்றில் எது அதிகமோ அது. குறைவெண்ணுக்கும் கீழே உறுப்பினர் எண்ணிக்கை இறங்கிவிட்டால், எஞ்சியோர் புதியவர்களைச் சேர்க்கவும் பொதுக்கூட்டத்தைக் கூட்டவும் மட்டுமே செயல்படலாம். பொது நிறுவனங்களுக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு மிகவும் தளர்வானது என்பேன்; கடைசியாகச் சொன்ன வரையறுக்கப்பட்ட அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைவெண்ணை மொத்த இடங்களின் மீதே நிறுத்துவது நல்லது.

பெரும்பான்மையிலும் இதே கணக்குதான் திரும்ப வருகிறது. 5 பேர் கூடி, இருவர் வாக்களிக்காமல் விலகி நின்றால், 'வாக்களித்தோரில் பெரும்பான்மை' விதிப்படி 2–1 என்று தீர்மானம் நிறைவேறும். 'வந்திருப்போரில் பெரும்பான்மை' என்றால் 3 வாக்குகள் வேண்டும் என்பதால், விலகி நிற்பது எதிர்ப்பு வாக்காகவே வேலை செய்யும். 'மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை' என்றாலோ வராதவரும் எதிர்த்தவராகிவிடுகிறார். அன்றாட அலுவல்களுக்கு இரண்டாவதையும், வரவுசெலவுத் திட்டம், விதித்திருத்தம், தலைமை அதிகாரியின் நீக்கம் போன்றவற்றுக்கு மூன்றாவதையும் வைப்பதே தகும். தன்னலத் தொடர்பால் விலக வேண்டியவரைக் குறைவெண்ணில் சேர்ப்பதா என்பதை விதியிலேயே எழுதிவிட வேண்டும். கூட்டத்துக்கு நடுவே அதை முடிவு செய்ய முயன்றால் சச்சரவில்தான் முடியும்.

வாக்குகள் சமமானால் என்ன செய்வது? இந்திய ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் பணக்கொள்கைக் குழுவில் ஆளுநருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திலும் ஆறு இடங்களே. ஆனால் முக்கிய முடிவுகளுக்கு 4 வாக்குகள் கட்டாயம், 3–3 என்றால் நடவடிக்கை இல்லை. வட்டி விகிதத்தைக் குறித்த நாளில் அறிவித்தாக வேண்டிய குழுவுக்கு முதல் முறை பொருந்துகிறது. கட்சிகள் மீது நடவடிக்கை எடுக்கும் அமைப்பில், ஒரே கட்சியினர் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியும் உள்ள நிலையில், தலைவருக்கு இரண்டாவது வாக்கைக் கொடுத்தால் அந்தச் சமநிலையே குலைந்துவிடும்.