யூலெஸ் வந்தபின் லண்டனில் வண்டி வைத்திருப்பது: செலவு, சிக்கல், காற்று

லண்டனில், புகைத் தரத்தில் தேறாத வண்டி ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு வாங்கும் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலம்தான் யூலெஸ். அதில் கையைக் கடிப்பது 12.50 பவுண்டு அல்ல, கட்ட மறந்துபோன 12.50 பவுண்டு. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் லண்டன் ஓட்டுநர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

2019 ஏப்ரல் 8 அன்று நகர மையத்தில் மட்டும் தொடங்கிய மண்டலம், 2021 அக்டோபர் 25 அன்று நகரின் உட்பகுதியைச் சுற்றும் வட, தென் சர்க்குலர் சாலைகள் வரை விரிந்தது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் பரோக்கள், அதாவது உள்ளாட்சிப் பகுதிகள், எல்லாமே உள்ளே வந்துவிட்டன. ஹாரோ, சவுத்ஹால், ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரொய்டன் என்று தமிழர்கள் திரண்டு வாழும் இடங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஹீத்ரோ விமான நிலையமும் உள்ளேதான். லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் கட்டணம் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வாரம் 5 நாள் ஓட்டினால் 62.50 பவுண்டு. விடுமுறை போக ஆண்டுக்கு 230 நாள் என்றால் 2,875. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் கட்டணம் கிடையாது, மற்ற நாளெல்லாம் ஓட்டினால் 4,550. விதிக்குப் பொருந்தும் பழைய பெட்ரோல் சிறு கார் ஒன்றை இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிவிடலாம். ஆகவே வேலைக்கு வண்டி எடுப்பவர் இந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளுவதில் பொருளே இல்லை. மாதம் இரண்டு நாள் மட்டும் உள்ளே வருபவர் கதை வேறு. ஆண்டுக்கு 300 பவுண்டுதான் ஆகும், நல்ல நிலையில் உள்ள டீசல் வண்டியை அவர் அவசரப்பட்டு விற்க வேண்டாம். வாரம் ஒரு நாள் என்றால் 650. அந்த அளவில்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

விதி கேட்கும் குறைந்தபட்ச ஐரோப்பியப் புகைத் தரம் இதுதான்: பெட்ரோல் வண்டி யூரோ 4, டீசல் வண்டி யூரோ 6, மோட்டார் சைக்கிள் யூரோ 3. பெரும்பாலும் 2006 ஜனவரிக்குப் பிந்திய பெட்ரோல் கார்களும், 2015 செப்டம்பருக்குப் பிந்திய டீசல் கார்களும் தேறிவிடும். 40 ஆண்டு கடந்த பழம்பெரும் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. 2014-இல் புதிதாக வாங்கிய டீசல் கார் பணம் கட்ட, 2006-இல் வந்த பெட்ரோல் கார் சும்மா போகிறதே என்ற ஆத்திரம் நியாயமானதே. 2001 முதல் பிரிட்டனின் சாலை வரி கார்பன் டை ஆக்சைடை அளவாகக் கொண்டதால் டீசலுக்கு வரி குறைந்தது. அரசே தூண்டிவிட்டது, மக்களும் வாங்கினார்கள். ஆனால் காற்றைக் கெடுப்பதில் நைட்ரஜன் ஆக்சைடும் உண்டு. அந்தக் கால யூரோ 5 டீசலுக்கு அதன் வரம்பு கிலோமீட்டருக்கு 0.18 கிராம், யூரோ 4 பெட்ரோலுக்கு 0.08 கிராம். சாலையில் ஓடும்போது டீசல்கள் தம் வரம்பையே பல மடங்கு தாண்டின. 2015-இல், புகைச் சோதனையில் ஃபோக்ஸ்வாகன் ஏமாற்றிய குட்டு உடைந்தபோது உலகம் பார்த்தது இதைத்தான்.

2001 முதல் 2005 வரை பதிவான பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். லண்டன் போக்குவரத்துக் கழகத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால், ‘பொருந்தாது’ என்று வரக்கூடும். அதை நம்பிக் காரை விற்றுவிடாதீர்கள். லாக் புக்கை, அதாவது வண்டியின் வி5சி பதிவுப் பத்திரத்தை, எடுத்து வி.3 என்ற கட்டத்தைப் பாருங்கள். கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் ஆக்சைடு என்று அதில் இருக்கும். 0.08 அல்லது அதற்குக் கீழே என்றால் கார் தேறும். யூரோ 4 கட்டாயமாகும் முன்பே அந்தத் தரத்தில் செய்யப்பட்ட கார்கள் நிறைய உண்டு, அவற்றின் விவரம் கழகத்தின் பதிவேட்டில் ஏறாமல் போயிருக்கும். லாக் புக்கின் படத்தை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். கட்டம் வெறுமையாக இருந்தால் தயாரிப்பாளரிடம் தரச் சான்றிதழ் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே வண்டியை எடுங்கள். இடைப்பட்ட நாட்களின் தண்டம் தானாக ரத்தாகாது.

இனி நாள் கணக்கு. ஒரு நாள் என்பது நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை. மண்டலத்துக்கு வெளியே உள்ள லூட்டனிலிருந்து ஹாரோவுக்குக் கல்யாண வரவேற்பு வருகிறீர்கள். மாலை 6 மணிக்கு உள்ளே நுழைந்து, சாப்பாடு முடிந்து, படம் எடுத்து, 12.20-க்குக் கிளம்பினால் இரண்டு நாள் கட்டணம், 25 பவுண்டு. 11.30-க்கே புறப்பட்டிருந்தால் பாதி மிச்சம். இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இந்த வலி வாரம் முழுக்க உண்டு. வண்டி நின்றுகொண்டே இருந்தால் கட்டணம் இல்லை, நகர்ந்தால்தான்.

ஓடிய நாள் போக அடுத்த மூன்றாம் நாள் நள்ளிரவு வரை கட்ட அவகாசம் உண்டு. தவறினால் 180 பவுண்டு தண்டம், 14 நாளுக்குள் கட்டினால் 90. 28 நாளும் கடந்து, ஆட்சேபமும் தெரிவிக்காவிட்டால் 270 ஆகிவிடும், அதற்குப் பிறகு வசூலிப்பவர் வாசலில் நிற்பார். ஆட்சேபம் தள்ளப்பட்டால் லண்டன் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்ய மேலும் 28 நாள் கிடைக்கும். இதில் மாட்டுபவர்களில் பலர் ஏய்க்க நினைத்தவர்கள் அல்லர். வீடு மாறியபின் லாக் புக்கில் முகவரியை மாற்றாதவர்கள்தான். கடிதமெல்லாம் பழைய வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கட்டணம் தானாகவே கழியும் ஆட்டோ பே போட்டுக்கொள்வதே நல்லது. அதற்கு முன்பிருந்த 10 பவுண்டு ஆண்டுக் கட்டணம் 2023 ஜனவரியோடு போய்விட்டது. ஆனாலும் அங்கும் மூன்று குழிகள். வங்கி அட்டை காலாவதியானால் பணம் எடுபடாது. வண்டியை விற்றபின் கணக்கிலிருந்து எண்ணை நீக்காவிட்டால் வாங்கியவர் ஓட்டும் நாளுக்கு உங்கள் பணம் போகும். எண் பலகையில் உள்ள ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றித் தட்டினால் வேறு யாருக்கோ கட்டிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தளங்களில் சில அசலைப் போலவே இருந்து கூடுதல் பணம் பிடுங்குபவை. கேட்பது 12.50-க்கு மேல் இருந்தால் அது கழகத்தின் தளம் அல்ல.

நகர மையத்துக்குப் போனால் நெரிசல் கட்டணம் தனி. 2026 ஜனவரி முதல் அது 18 பவுண்டு. ஈஸ்ட் ஹாமிலிருந்து லூயிஷாம் போகிறவர் பிளாக்வால் அல்லது சில்வர்டவுன் சுரங்கப்பாதையில் போனால், 2025 ஏப்ரல் 7 முதல் அதற்கும் தனியாக. கார் யூலெஸ்ஸுக்குப் பொருந்தினாலும் இவை இரண்டும் விடாது.

வண்டி மாற்றுவதென்றால் எதற்கு மாற்றுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய டீசலைக் கொடுத்துவிட்டு யூரோ 6 டீசல் வாங்குவது, கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டுபவருக்கு வீண் வேலை. டீசல் கரித்துகள் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய 600 பாகை அளவுக்கு வெப்பம் வேண்டும், சீரான வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். இரண்டு மைல் ஓடி அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும். எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும், கடைசியில் வடிகட்டியே அடைத்துக்கொள்ளும். கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். 2014 பிப்ரவரி முதல் வடிகட்டி இல்லாத வண்டி, ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி தகுதிப் பரிசோதனையில் தோற்கும். யூரோ 6 டீசல்களில் பெரும்பாலானவற்றுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்ப்ளூ திரவமும் ஊற்ற வேண்டும். அது வற்றிவிட்டால் எஞ்சின் மறுபடி கிளம்பாது.

நகரத்துக்குள் ஓட்டப் பழைய பெட்ரோலோ ஹைபிரிடோ போதும். வாங்குமுன் எம்ஓடி வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், துரு பற்றிய எச்சரிக்கை இருந்தால் விட்டுவிடுங்கள். ஹோண்டா ஜாஸ், டொயோட்டா பிரியஸ் இரண்டும் உழைக்கும் வண்டிகள்தான், ஆனால் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றியை அறுத்துக்கொண்டு போகும் திருடர்களுக்கும் அவைதான் பிரியம். தெருவில் நிறுத்துபவர் அதற்கொரு காப்புத் தகட்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

தேறாத பழைய காரை அழிக்கக் கொடுத்தால் 2,000 பவுண்டு தந்த நகர நிர்வாகத்தின் உதவித் திட்டம் 2023 ஆகஸ்டில் லண்டன்வாசிகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. ஸ்லவ், வாட்ஃபோர்ட், டார்ட்ஃபோர்டில் குடியிருந்து லண்டனுக்குள் வேலை பார்த்தவர்களுக்கு அதில் காசு கிடைக்கவில்லை. கட்டணம் உண்டு, உதவி இல்லை. யூலெஸ்ஸின் மீது வைக்கப்படும் குறைகளிலேயே இதற்குத்தான் சரியான பதில் வரவில்லை.

சரி, காற்றுக்கு என்ன ஆயிற்று? 2025-இல் நகர நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை, சாலையோர நைட்ரஜன் டை ஆக்சைடு, மண்டலங்கள் வராமலே இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட லண்டன் முழுக்க 27 சதவீதம் குறைந்திருப்பதாகவும், மையத்தில் 54 சதவீதம் குறைந்திருப்பதாகவும் மதிப்பிட்டது. 2021-இல் வந்த இம்பீரியல் கல்லூரி ஆய்வோ, 2019 தொடக்கத்தை ஒட்டிய வாரங்களில் குறைவு 3 சதவீதத்துக்கும் கீழே என்றது. இரண்டும் முரண்போலத் தெரியும், ஆனால் அளந்ததே வேறு. விதி வரப்போகிறது என்று அறிவித்த நாளிலிருந்தே மக்கள் வண்டி மாற்றத் தொடங்கிவிட்டார்கள். தொடங்கிய வாரத்தை மட்டும் அளந்தால் அந்த மாற்றம் கணக்கில் வராது. நுண்துகள் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பிரேக், டயர், சாலைத் தூசிக்கு யூலெஸ் எதுவும் செய்வதில்லை, மின்காருக்கும் டயர் தேயும்.

எல்லை எங்கே விழுகிறது என்பதும் சின்ன விஷயம் அல்ல. 2013-இல் 9 வயதில் ஆஸ்துமாவில் இறந்த ‘எல்லா’ அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அவள் வீடு லூயிஷாமில், தென் சர்க்குலர் சாலையின் அருகே. 2021 விரிவாக்கம் அந்தச் சாலை வரை வந்தது, அந்தச் சாலையைச் சேர்க்கவில்லை. அங்கே ஓடும் வண்டிகளுக்கு 2023 வரை கட்டணம் இல்லை.

இதுபோன்ற மண்டலம் உள்ள வெளியூர்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டன் ஆட்டோ பே வேறு ஊரில் செல்லாது. பர்மிங்ஹாமில் 2021 ஜூன் முதல் காருக்கு 8 பவுண்டு, அரசுத் தளத்தில் கட்ட வேண்டும், ஓடிய பின் ஆறு நாள் அவகாசம். பிராட்ஃபோர்டில் சொந்தக் கார்களுக்குக் கட்டணமே இல்லை. கிளாஸ்கோவில் 2023 ஜூன் முதல் பணம் கட்டி உள்ளே போகும் வழியே கிடையாது. பொருந்தாத வண்டி நுழைந்தால் நேராக 60 பவுண்டு தண்டம், 14 நாளில் கட்டினால் பாதி. 90 நாளுக்குள் மறுபடி நுழைந்தால் 120, பிறகு 240, காருக்கு 480 வரை இரட்டித்துக்கொண்டே போகும்.