6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு அம்மாவின் ரத்தத்தை வெயிலில் கொண்டுபோனார்கள்

நேற்று மாலை வந்த குறுஞ்செய்தியைப் படித்ததிலிருந்து என் ஆத்திரம் அடங்கவில்லை. "மாதிரி தகுதியற்றது." போனது 6,800 ரூபாய்.

ஆறு மாதமாக அம்மாவுக்குத் திடீர் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி வருகிறது. நெஞ்சு படபடக்கும், ரவிக்கை நனைய வியர்க்கும். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் 220/130. சற்று நேரத்தில் 140/90. சி.டி. ஸ்கேனில், வலது சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் 4 செ.மீ. கட்டி. ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருக்கலாம் என்றார் டாக்டர். அட்ரினலின் வகை ஹார்மோன்களை மிதமிஞ்சிக் கொட்டும் கட்டி அது. இதயத் தசையையே கெடுத்துவிடும். ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்து அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவராமல் கத்தி வைத்தால் மேசையிலேயே உயிர் போகலாம். கட்டியின் குணத்தை உறுதிசெய்யத்தான் பிளாஸ்மா மெட்டாநெஃப்ரின் பரிசோதனை; அந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் பொருள்களை ரத்தத்தில் அளப்பது. அரை மணி நேரம் படுக்கவைத்து எடுக்கவும், ஐஸில் வைத்து அனுப்பவும் என்று சீட்டிலேயே எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். "தினமும் எடுக்கும் டெஸ்ட்தான் மேடம், ஐஸ் பெட்டியோடு ஆள் வருவார்" என்றது ஒரு பெண்குரல். அந்த நிதானத்தை நம்பி 6,800 ரூபாயையும் அப்போதே கட்டினேன்.

வந்த பையன் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து உடனே ஊசி குத்தினான். "படுக்கவைக்க வேண்டாமா தம்பி?" என்றேன். "எல்லாவற்றுக்கும் இப்படித்தான் அக்கா." ஐஸ் வண்டியில் இருக்கிறதாம். வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஊதா மூடிக் குழாய் ஒரு துணிப்பைக்குள். பை ஸ்கூட்டர் கொக்கியில். பதினொரு மணி வெயில். ஐஸும் இல்லை, பெட்டியும் இல்லை.

ஐந்து நாள் காத்திருந்த பிறகுதான் அந்தக் குறுஞ்செய்தி. அழைத்தால், "புகார் எண் கொடுத்திருக்கிறோம், 48 மணி நேரம் பொறுங்கள்." அடுத்தவர், "மாதிரி எடுத்தாகிவிட்டது, பணம் திரும்பாது." மூன்றாமவர், நோயாளி சரியாகத் தயாராகவில்லை என்றார்! படுக்கவைக்கச் சொன்னதே நான்தானே?

இந்தப் பரிசோதனை எழுதிக்கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொல்கிறேன்: பெரிய மருத்துவமனை ஆய்வகத்துக்கே நேரில் போங்கள். உட்காரவைத்து எடுத்தால் அளவு பொய்யாகக் கூடும். சாப்பிடும் மாத்திரைகளை டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். இந்தக் கட்டி இருந்தால், ஆல்ஃபா பிளாக்கருக்கு முன் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுவது ஆபத்து. ஐஸைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அம்மாவுக்கு மறுபடியும் வியர்க்கிறது. அழுத்தம் பார்க்க வேண்டும்.